"இன்னும் அங்கதான் இருக்கீங்களா, சார்?"

போன மாதம் தாம்பரம் ரயில் நிலையத்தில், மேற்குப் பக்கப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டான். ஊரப்பாக்கம் பையன், பி.காம். படித்தவன். புள்ளியியல் தாளில் இரண்டு தடவை அரியர் வைத்து, மூன்றாவது தடவை என்னையும் கரையேற்றி தானும் கரையேறியவன். இப்போது சோழிங்கநல்லூரில் வேலை. மூன்று பதவி உயர்வு, இரண்டு கம்பெனி மாற்றம், கீழே பதினோரு பேர் வேலை பார்க்கிறார்களாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டான்: "நீங்க சார்? இன்னும் அங்கதான் இருக்கீங்களா?"

அந்த "தான்" இருக்கிறதே, அது வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஒரே இடத்தில் பதினாறு வருடம். முதல் வருடம் நடத்திய அதே தாள்: சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம். பதவியின் பெயரும் மாறவில்லை, உதவிப் பேராசிரியர். சுயநிதிப் பிரிவு என்பதால் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு புதுக் கடிதம் வரும். வராமலும் போகலாம். அப்படியென்றால் நான் வளரவில்லையா? வளர்ந்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை அவனுக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. "ஆமாம்ப்பா, அங்கதான்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். ஓர் ஆசிரியர் தன் தொழிலில் வளர்கிறார் என்பதைச் சொல்ல நம்மிடம் என்னென்ன சித்திரங்கள் இருக்கின்றன, அவை ஏன் இப்படிப் பொய்யாக இருக்கின்றன என்று யோசித்ததன் குறிப்புதான் இது.

முதலில் சினிமா. தமிழ்நாட்டில் ஆசிரியர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை பி.எட். கல்லூரிகளைவிட சினிமாதான் அதிகம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1994இல் வந்த "நம்மவர்" படத்தில் கமல்ஹாசன் வரலாற்றுப் பேராசிரியர் செல்வமாக, துணை முதல்வராக ஒரு கெட்டுப்போன கல்லூரிக்குள் நுழைகிறார். 2012இல் "சாட்டை". சமுத்திரக்கனியின் தயாளன் இயற்பியல் ஆசிரியராக ஒரு அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வருகிறார். 2019இல் "ராட்சசி". ஜோதிகாவின் கீதா ராணி தலைமை ஆசிரியையாக வருகிறார். அவருக்கு ராணுவப் பின்னணி வேறு. 2023இல் "வாத்தி". தனுஷின் பாலமுருகன் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து சோழவரம் அரசுப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்.

நான்கு படத்துக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் "வருகிறார்கள்". ஏற்கெனவே இருந்தவர் யாரும் நாயகன் இல்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் எல்லாம் தூங்குகிறவர்கள், வட்டிக்கு விடுகிறவர்கள், பொறாமைப்படுகிறவர்கள், இல்லையென்றால் நல்ல மனசு இருந்தும் கையாலாகாதவர்கள். வருகிறவர் முழுமையாக வருகிறார். முதல் வகுப்பிலேயே அவருக்கு எல்லாம் தெரியும். வில்லன்களிடம் அடி வாங்குவார், நிர்வாகத்திடம் அவமானப்படுவார். ஆனால் ஒரு பாடத்தை மோசமாக நடத்திவிட்டு ராத்திரி படுக்கையில் புரள்கிற காட்சி ஒன்றுகூடக் கிடையாது. மாணவர்கள் மாறுகிறார்கள், சக ஆசிரியர்கள் திருந்துகிறார்கள், ஊர் கைதட்டுகிறது. மாறாத ஒரே ஆள் ஆசிரியர்தான்!

"நம்மவர்" மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, அதுவும் தன்னை அறியாமல். அதில் நாகேஷ் நடித்த வயதான பேராசிரியர் பிரபாகர் ராவ் இருக்கிறார். மகளை இழந்த தகப்பனாக அவர் உடைந்துபோகும் காட்சிக்காகவே பலருக்கு அந்தப் படம் ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது. தமிழ் சினிமாவில் எனக்குத் தெரிந்த, ஒரே இடத்தில் நரைத்த ஆசிரியரின் முகம் அது. ஆனால் அவர் வகுப்பில் என்ன செய்தார், முப்பது வருடத்தில் என்ன கற்றுக்கொண்டார் என்பது படத்துக்குத் தேவைப்படவில்லை. அவருக்கு ஒரு துக்கம் இருக்கிறது, தொழில் இல்லை.

இதைப் பொழுதுபோக்குப் படங்களின் பலவீனம் என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம் 1930களின் தொடக்கத்தில் குஜராத்தியில் வந்த ஒரு சின்னப் புத்தகம்: கிஜுபாய் பதேகாவின் "திவாஸ்வப்னா". தமிழில் "பகல் கனவு" என்று கிடைக்கிறது. கிஜுபாய் வழக்கறிஞராக இருந்து குழந்தைக் கல்விக்கு வந்தவர், பாவ்நகரில் பள்ளி நடத்தியவர். கதை என்னவோ நம் சினிமாக் கதைதான்: லட்சுமிராம் என்று ஒரு ஆர்வக்கோளாறு ஆள் கல்வி அதிகாரியிடம் அனுமதி வாங்கி நான்காம் வகுப்பை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறான். ஆனால் முதல் நாளே சொதப்புகிறான். வீட்டில் திட்டம் போட்டு வைத்த மௌன விளையாட்டை வகுப்பில் ஆரம்பித்தால், பிள்ளைகள் கத்திக் கூத்தடித்து அதை நாசம் செய்துவிடுகிறார்கள். தலைமை ஆசிரியரிடம் பேச்சு வாங்குகிறான். தான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறான்.

அந்த முதல் நாள் தோல்விதான் என்னைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தின் உயிர். ஒரு ஆசிரியரை, தப்பு செய்து திருத்திக்கொள்கிற தொழிலாளியாகக் காட்டும் தைரியம் சுமார் 90 வருடத்துக்கு முன் இருந்தது. அதற்குப் பிறகு நாம் எடுத்த படங்களில் இல்லை. ஏன் இல்லை? ஆசிரியர் வேலையை நாம் தொழிலாகவே நினைப்பதில்லை. அறப்பணி, அதற்கு உன்னை அர்ப்பணி என்று எதுகை போட்டு சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அர்ப்பணிக்கிறவனுக்குத் திறமை கூடவோ குறையவோ செய்யாது. மனசு இருந்தால் போதும். (அறப்பணி என்ற சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சம்பளத்தைப் பற்றிப் பேசினால் அசிங்கமாகிவிடும்.)

சரி, சினிமாவை விடுவோம். அரசாங்கத்திடம் ஒரு சித்திரம் இருக்கிறது, அது வேறு மாதிரி. அங்கே ஆசிரியர் வளர்கிறார், அதுவும் அட்டவணைப்படி.

யுஜிசி 2010இல் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஒரு புள்ளிக் கணக்கைக் கொண்டு வந்தது. ஏபிஐ என்று எல்லோரும் சொல்வோம். கற்பித்தலுக்கு இத்தனை, இதர நடவடிக்கைக்கு இத்தனை, ஆராய்ச்சிக்கு இத்தனை. அதன் மேல் வந்த விமர்சனங்களுக்குப் பிறகு 2018 விதிமுறையில் கொஞ்சம் மாற்றினார்கள். அந்த 2018 ஆவணத்தின் பின்னிணைப்பில் உள்ள மதிப்பீட்டு அட்டவணையைத் தேடிப் பாருங்கள். கற்பித்தல் என்ற தலைப்பின் கீழ் என்ன அளக்கப்படுகிறது? ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் எத்தனை சதவீதம் எடுத்தார் என்பது. 80க்கு மேல் என்றால் "நன்று". 70லிருந்து 80க்குள் என்றால் "திருப்தி". அதற்கும் கீழே என்றால் "திருப்தி இல்லை". அவ்வளவுதான். வகுப்புக்குப் போனாரா என்பது தெரியும், உள்ளே என்ன நடந்தது என்பதற்குக் கட்டமே இல்லை. அதே ஆவணத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு நுணுக்கமான கணக்கு உண்டு: அறிவியல் துறை என்றால் கட்டுரைக்கு 8, மொழி, மானுடவியல் துறைகள் என்றால் 10. அப்புறம் புத்தகத்துக்கு, அத்தியாயத்துக்கு, மொழிபெயர்ப்புக்கு என்று நீளும். கூடவே புத்தொளிப் பயிற்சிகள், குறுகிய கால வகுப்புகள்.

எதை எண்ணுகிறோமோ அதுதான் விளையும். கட்டுரையை எண்ணினோம், கட்டுரைகள் விளைந்தன. எங்கே விளைந்தன என்பதுதான் வேடிக்கை. 2018 மே மாதம் யுஜிசியே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்க வேண்டி வந்தது. பிறகு கேர் பட்டியல் என்று புதிதாக ஒன்று. அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிற இதழ்களின் மின்னஞ்சல் என் இன்பாக்ஸில் வாரத்துக்கு நான்காவது வரும், "மதிப்பிற்குரிய அறிஞரே" என்று தொடங்கி.

2020 ஊரடங்கு நினைவிருக்கிறதா? மே, ஜூன், ஜூலை. நாடு முழுக்க வெபினார். ஒரு கல்லூரி தேசிய அளவில் நடத்தினால் பக்கத்துக் கல்லூரி பன்னாட்டு அளவில் நடத்தும், துபாயில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவரை ஐந்து நிமிடம் பேச வைத்து. கடைசியில் கூகுள் படிவம், பத்துக் கேள்வி, மின்சான்றிதழ். நான் வேலை பார்த்த இடத்தில் வாரத்துக்கு இத்தனை சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கணக்குக் கேட்டார்கள். பாதிச் சம்பளத்தில் இருந்த நேரம் அது. கேமராவை அணைத்துவிட்டு சமையல் செய்துகொண்டே "கற்பித்தலில் புத்தாக்க உத்திகள்" கேட்டிருக்கிறேன். 41 சான்றிதழ் இருக்கிறது. ஒன்றில் என் பெயர் தப்பு, இன்னொன்றில் இருக்கும் தலைப்பு நான் கேட்ட உரையே இல்லை. அத்தனையும் கோப்பில் ஏறின. தர மதிப்பீட்டுக் குழு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்தக் கோப்புகளுக்கு உறை போட்டு, நடக்காத துறைக் கூட்டங்களுக்கு மூன்று வருடத்து நடவடிக்கைக் குறிப்புகளை ஒரே ராத்திரியில் எழுதினோம். மூன்று வித மை நிறம் வேண்டும் என்று பேனாக்களை மாற்றிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இதை எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

காகிதம் ஆளை விட்டுத் தனியாக வளர ஆரம்பித்தால் எதில் போய் முடியும்? 2024 ஜூலையில் தெரிந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளில், 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள், 224 கல்லூரிகள் இதில் வருகின்றன என்று அறப்போர் இயக்கம் பட்டியல் வெளியிட்டது. பல்கலைக்கழகம் சரிபார்த்தபோது, சுமார் 2,000 இடங்களை 189 பேரே நிரப்பியிருந்ததாகத் துணைவேந்தரே சொன்னார். தினசரிகளில் இரண்டு வாரம் அமளி. எல்லோரும் "போலிப் பேராசிரியர்கள்" என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லில் சின்ன மறுப்பு உண்டு. அந்த 189 பேரும் பட்டம் வாங்கிய உண்மையான ஆட்கள். போலியாக இருந்தது அவர்களின் இருப்புதான். ஆசிரியர் என்றால் சான்றிதழ்களின் தொகுப்பு என்று நம்புகிற ஒரு முறைக்கு, ஒரே தொகுப்பைப் பல இடத்தில் வைப்பது ஒன்றும் பெரிய தாண்டல் இல்லை. வகுப்புக்குள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். எட்டிப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

பள்ளிப் பக்கமும் கதை இதுதான். என் அண்ணி செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, 2001இல் சேர்ந்தவர். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். 2012இல் முதல்முறை நடந்தபோது, எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறாத தேர்வு அது. இப்போது அண்ணி ராத்திரி பத்து மணிக்கு மேல் குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகளைக் கொள்குறி வினாவாகப் படிக்கிறார். இருபத்து நான்கு வருடமாகக் குழந்தைகளோடு இருப்பவர். "பியாஜே சொன்ன நாலு நிலை ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது, ஆனா மூணாவது பெஞ்சுல இருக்கற பொண்ணு ஏன் ரெண்டு நாளா பேசலைன்னு எனக்குத் தெரியும், அதை எந்த ஷீட்டுல ஷேட் பண்றது?" என்றார். தகுதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நுழையும்போது தேர்வு வைப்பது நியாயம். ஆனால் இருபத்து நான்கு வருடத்தை அளக்க ஒரு நாள் காலைத் தேர்வைத் தவிர நம்மிடம் வேறு கருவி இல்லையா?

இந்த இடத்தில் தாம்பரத்துக்கே திரும்பி வருகிறேன். ரயில்வே பாதைக்குக் கிழக்கே, சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகம். 1837இல் தொடங்கி, 1937இல் நகரத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்த கல்லூரி. நான் அங்கே படிக்கவில்லை, வேலை பார்க்கவும் இல்லை. ஆனால் ஆசிரியரின் வளர்ச்சி என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்கு ஞாபகம் வருவது அங்கே புள்ளியியல் துறையில் இருந்த கிஃப்ட் சிரோமணி. 1988இல் மறைந்தவர்.

அவருடைய கட்டுரைகளைச் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் தன் இணையதளத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள், ராத்திரிதான் வெளியே வருவீர்கள். கோலம். வாசலில் போடும் அதே கோலம்தான். புள்ளி வரிசைக்குள் கோடு எப்படிச் சுற்றிச் செல்கிறது என்பதை ஒரு மொழியின் இலக்கணம் மாதிரி எழுத முடியுமா என்று கேட்டு, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் ஒரு கட்டுரை. கணினி அறிவியலில் பட மொழிகள் என்ற பிரிவில் இன்றும் பேசப்படுவது. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினியால் வாசிக்கச் செய்வது பற்றி 1978இல் இன்னொன்று. அப்போது இங்கே கணினியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. பல்லவர் சிற்பங்களின் முகம், உடல் அளவுகளை எடுத்து, அவற்றைப் புள்ளியியல்படி ஒப்பிட்ட ஆய்வு. சிந்து சமவெளிக் குறியீடுகள். இவை அத்தனையும் ஒரு புறநகர்க் கல்லூரியில், வருடா வருடம் இளங்கலைப் பிள்ளைகளுக்குச் சராசரியும் விலக்கமும் நடத்திக்கொண்டிருந்த துறையிலிருந்து வந்தவை.

அதே வளாகத்தில் அவருக்கும் முன்னால் எட்வர்ட் பார்ன்ஸ் என்று ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். அவர் வேதியியலோடு தென்னிந்தியத் தாவரங்களையும் தேடித் தேடி ஆராய்ந்தவர். சில செடிகளின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. வேதியியல்காரர் செடி பார்த்ததற்கும் புள்ளியியல்காரர் கோலம் பார்த்ததற்கும் இன்றைய அட்டவணையில் எந்தப் பத்தியில் மதிப்பெண் போடுவீர்கள்? "தொடர்பற்ற துறை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இங்கே நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிரோமணியை ஒரு மேதை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தால், சினிமாவில் "வருகிறவர்" செய்வதைத்தான் நானும் செய்கிறேன். அவர் கட்டுரைகளில் என்னைக் கவர்வது வேறு. ஏறக்குறைய எல்லாவற்றிலும் கூட இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றன. சக ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள். ஒருவர் கேள்வியை இன்னொருவர் கேட்டிருக்கிறார். நிரந்தர வேலை இருந்தது. அடுத்த ஜூனில் கடிதம் வருமா என்று பயப்படாமல், பலன் தருமா என்று தெரியாத ஒரு கேள்வியை ஐந்து வருடம், பத்து வருடம் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது. சாயங்காலம் பேச ஆள் இருந்தது, நேரம் இருந்தது, மரநிழலும் இருந்தது. வளர்ச்சி என்பது தனி ஆளின் மனஉறுதி என்றுதான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அது பாதிக்கு மேல் வேலை நிலைமை சம்பந்தப்பட்டது.

இப்போது அதே ரயில் பாதையில் நிற்கும் ஆசிரியர்களைப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், படப்பை என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லூரிப் பேருந்துகள்தான். அவற்றில் காலை ஏழு மணிக்கு ஏறும் ஆசிரியைகளில் பலருக்கு முனைவர் பட்டம் உண்டு. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு வகை உண்டு. "கௌரவ" என்ற சொல்லை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். யுஜிசி 2019இல் வருகை விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று சொன்னது. அந்தக் கடிதம் எல்லோர் கைபேசியிலும் பிடிஎஃப் ஆக இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு வணிகவியல் ஆசிரியை, ஒன்பது வருட அனுபவம். பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது நிர்வாகம் அவரைப் புதிதாகச் சேர்ந்தவர் என்று எழுதிக்கொண்டது. ஆரம்பச் சம்பளம், பூஜ்ய வருட அனுபவம். அவர் வகுப்பெடுத்தால் பக்கத்து வகுப்பிலிருந்து நானே சுவர் ஓரம் போய் நின்று கேட்பேன், அப்படி நடத்துவார். இப்போது குரோம்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். இவருடைய வளர்ச்சியை எந்தப் புத்தொளிப் பயிற்சி காப்பாற்றியிருக்கும்?

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நிரந்தர வேலை கொடுத்தால் எல்லோரும் கோலத்துக்கு இலக்கணம் எழுதுவார்களா என்ன? எழுத மாட்டார்கள். மஞ்சள் பழுத்த நோட்டை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஒரே குறிப்பை ஒப்பித்தவர்களிடம் நானே படித்திருக்கிறேன். தமாஷ் உட்பட எல்லாம் போன வருடத்து சீனியர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அவர் வாயைத் திறக்குமுன் நாங்கள் சிரிப்போம். ஏபிஐ மாதிரி ஒன்று வந்ததற்கு அந்த மஞ்சள் நோட்டுகளும் ஒரு காரணம். ஆக, யாரும் எதையும் பார்க்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்பதுதான். 2025 ஜனவரியில் யுஜிசி புதிய வரைவு விதிகளை வெளியிட்டபோது அதில் ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு பற்றியும் நிறைய இருந்தது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தீர்மானம் வரை போன விவாதம் துணைவேந்தர் நியமனத்தைப் பற்றியது. அது முக்கியமான விவாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணில் பட்ட எந்தத் தொலைக்காட்சி மேடையிலும், வகுப்பறையில் ஒரு ஆசிரியர் எப்படி நன்றாக ஆகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. அது மாதிரி அரசு மருத்துவமனைகளில் காலை ரவுண்ட்ஸ் வரும்போது பார்த்திருப்பீர்கள். மூத்த மருத்துவர் முன்னால், இளையவர்கள் பின்னால். ஒரு இளைய மருத்துவர் நோயாளியைப் பற்றிச் சொல்வார், மூத்தவர் குறுக்கே கேட்பார், தப்பு என்றால் அங்கேயே தெரியும். கச்சேரியிலும் அப்படித்தான். முன்வரிசையில் இன்னொரு வித்வான் வந்து உட்கார்ந்தால் மேடையில் இருப்பவருக்குக் கை கொஞ்சம் கவனமாகும். தொழில் என்று சொல்லிக்கொள்கிற எல்லாவற்றிலும், தொழில் தெரிந்த இன்னொருவர் கண் முன்னால் அதைச் செய்தாக வேண்டும். நாங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம். வகுப்பில் இன்னொரு ஆசிரியர் உட்கார்ந்தால் வேவு பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. பயத்தில் இருப்பவன் கதவைத் திறந்து வைக்க மாட்டான்.

எனக்கு ஒரே ஒரு தடவை அது நடந்தது. சேர்ந்த முதல் வருடம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த ஒரு மூத்த ஆசிரியர், நிதியுதவிப் பிரிவில் இருந்தவர், மதியம் தனக்கு வகுப்பில்லை என்று கேட்டுக்கொண்டு வந்து என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். திட்ட விலக்கம். பலகை நிறைய சூத்திரம் எழுதினேன். வியர்த்துக் கொட்டியது. முடிந்ததும் பேருந்துச் சீட்டு அளவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வரிதான்: "புரியுதா என்று 23 தடவை கேட்டீர்கள். யாரும் பதில் சொல்லவில்லை."

அந்த வருடம் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்கப் பழகினேன். புகை பிடிப்பதை விடுவதற்குச் சமம். மூன்றாவது வருடம், சூத்திரத்துக்கு முன்னால் ரயிலைக் கொண்டு வந்தேன். பீச் போகும் இரண்டு ரயில். ஒன்று தினமும் சரியாக ஐந்து நிமிடம் தாமதம். இன்னொன்று ஒரு நாள் சரியான நேரம், ஒரு நாள் பத்து நிமிடம் தாமதம். இரண்டுக்கும் சராசரி தாமதம் ஐந்துதான். எதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவீர்கள்? வகுப்பே பேச ஆரம்பித்தது. அந்தப் பேச்சில்தான் விலக்கம் என்றால் என்ன என்று அவர்களே சொன்னார்கள், நான் பெயரை மட்டும் எழுதினேன். நல்ல உதாரணம் கண்டுபிடித்துவிட்ட திமிரில் ஏழெட்டு வருடம் அதையே ஓட்டினேன். என் மஞ்சள் நோட்டு!

பத்தாவது வருடமோ என்னவோ, படப்பைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "சார், நாங்க ட்ரெயின்ல வர்றதில்ல. எங்களுக்கு ஒரே பஸ்தான். அது வந்தா வரும், இல்லன்னா லீவு." அந்த வகுப்பில் பாதிப் பேர் ரயிலே ஏறாதவர்கள் என்பதை அதுவரை நான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் முதல் நாளே ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, வீட்டிலிருந்து கல்லூரிக்கு வர ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வரச் சொல்கிறேன். பாடம் அந்தச் சீட்டுகளிலிருந்து நடக்கிறது. போன வருடம் ஒரு பையனுக்கு விலக்கம் தாறுமாறாக வந்தது, கணக்குத் தப்போ என்று பார்த்தால் தப்பில்லை. காலையில் பால் போடும் வேலைக்குப் போய்விட்டு வருகிறான்.

பதினாறு வருடத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை மாற்றினேன். ஊரப்பாக்கம் பையனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். படிக்கட்டில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது. அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, மை மங்கிப்போய். இந்த ஜூனில் கடிதம் வந்தால், அடுத்த அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணிடம் என் வகுப்பில் ஒரு மணி நேரம் வந்து உட்காரச் சொல்லிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவள் வகுப்புக்கு நான் போவது அப்புறம்.